அம்மாவின் கணக்கில் மகள்

சென்ற வாரம் பல்லுக்காரம்மாவை லேப் வாசலில், கையில் போனும் வாயில் பாதி மென்ற ரொட்டியுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். அந்த ரொட்டியை அவள் விழுங்கினாளா, துப்பினாளா என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். விழுங்கினாள். பசிக்கு முன்னால் அதிர்ச்சி எம்மாத்திரம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. பல்லுக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். பல்செட் செய்யும் லேப்பில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்கு ஆறு. போனில் வந்திருந்தது ஒரு மெயில், ஆறு மணி நேரப் பயணத் தூரத்திலிருக்கும் விடுதிப் பள்ளியிலிருந்து.

‘மகளை எங்கள் விடுதியில் சேர்க்கக் கோரி நீங்கள் எழுதிய கடிதம் எங்களை நெகிழ வைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். தாயும் மகளும் சேர்ந்து வரவும். தேர்வானால் அன்றே விடுதியில் சேர்த்துக்கொள்வோம்.’

அப்படி ஒரு கடிதத்தை அவள் எழுதவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த மெயில் அது. சனிக்கிழமை காலை வரை அவள் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆள் மாறி வந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. பெரியவளின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. பெரியவளையே கூப்பிட்டு ‘என்னடி இது’ என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பதில் சொல்கிற பெண்தான் அவள். கேட்கிற பழக்கம்தான் அம்மாவுக்கு இல்லை.

சனிக்கிழமை காலை சமையலறையில் பெரியவள் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு இடத்தில் நிற்காமல் நெளிந்தாள்.

“ஆடாதடி. கோணலா வந்தா என்னைச் சொல்லாதே.”

“கோணலா வந்தா அம்மா சரி பண்ணுவாங்க. அம்மா பல்லையே சரி பண்றாங்க.”

பல்லுக்காரம்மா சிரித்தாள். சிரித்த வேகத்தில் கை தானாகப் போய்ச் சின்னவளின் கன்னத்தைக் கிள்ளியது. அதே கை பெரியவளின் தோளுக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு அவள் முதலில் நினைக்க வேண்டும். நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பெரியவள் சீப்பை எடுத்த இடத்தில் வைத்து, தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

“இன்னைக்குக் கூட்டம் பதினொரு மணிக்கு,” என்றாள் அம்மா.

“தெரியும். ஹெச்.எம். என்னைக் காகிதம் குடுக்கச் சொல்லியிருக்காங்க. நான் முன்னாடியே போயிடறேன்.”

“சாப்பிட்டியா?”

“தட்டைக் கழுவிட்டேனேம்மா.”

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் கையில் ஏஐ வந்ததும் பெற்றோரெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்களே, அப்போது பள்ளியில் கூடிப் பேசிய கூட்டத்தில் நம் பல்லுக்காரம்மா எழுந்து, தன் வீட்டில் என்ன செய்கிறாள் என்று சொன்னாள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு கிடையாது. அம்மாவின் கணக்கில்தான் பாடம், படம், கேள்வி எல்லாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, என்னென்ன கேட்டிருக்கிறாள் என்று பார்த்துவிடுவாள். ஹெச்.எம்.முக்கு அது பிடித்துப்போயிற்று. அவள் சொன்னதை ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். முதல் விதியே அதுதான்: ‘அம்மா அல்லது அப்பாவின் கணக்கிலேயே பிள்ளை பயன்படுத்தட்டும்.’ ஒரு மாதம் எப்படிப் போனது என்று பார்க்க இன்று இரண்டாவது கூட்டம். அவள்தான் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் லேப்பில் ஒரு அவசர வேலை இருந்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு மேல்வரிசைப் பல்செட். சொந்தப் பல்லில் முன்பல் ஒன்று லேசாகப் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்குமாம். செட்டிலும் அப்படியே வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டிருந்தார். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி, மெழுகை இளக்கி, பல்லுக்காரம்மா அந்தப் பல்லை ஒரு நூல் அளவு திருப்பி நட்டாள். இந்த மாதிரி வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லாப் பல்லையும் அணிவகுப்பு மாதிரி நிறுத்தினால் பார்ப்பவர்களுக்குப் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும், கொஞ்சம் குறை வைத்தால்தான் நம்புவார்கள் என்பது அவள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

பக்கத்து மேஜையில் பாலிஷ்காரர் எந்திரத்தை நிறுத்தினார்.

“என்னக்கா, அந்தப் பல்லை இத்தனை நேரம் முறைச்சுப் பார்க்கறீங்க. அது என்ன பதில் சொல்லப் போகுதா?”

“ஒண்ணுமில்லை. இன்னைக்குப் பேசணும்ல, அதான்.”

“நீங்க பேசினதைக் கேட்டுத்தான் என் வீட்டுல பையன் கணக்கை மூடிட்டு என் கணக்கைக் குடுத்திருக்கேன். இப்ப அவன் எனக்கு முன்னாடி அதுகிட்ட பேசிடறான். போன வாரம் என்னைப் பார்த்து, ‘அப்பா, உங்களுக்கு மூலமாமே’ன்னு கேக்கறான்.”

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பல்லுக்காரம்மாவின் கையிலிருந்த கத்தி மெழுகில் ஆழமாக இறங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

இப்போது அவள் மனசுக்குள் ஓடியதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குக் கதை பிடிபடாது. எட்டு மாதத்துக்கு முன்னால், சாப்பாட்டு இடைவேளைகளில், அவளும் அந்த ஏஐயிடம் பேசியிருக்கிறாள். முதலில் பல்செட் சாயம் மங்குவது பற்றி. பிறகு முழங்கால் வலி. பிறகு ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாத ஒன்று.

பெரியவள் பிறந்ததும் அவளுக்கு மனசு இருண்டுபோயிற்று. எழுந்திருக்கவே முடியவில்லை. ஏழு மாதம் நாத்தனார்தான் குழந்தையை வைத்திருந்தாள். திரும்பக் கையில் வாங்கியபோது குழந்தை அவளைப் பார்த்து வீரிட்டு அழுதது. அதற்குப் பிறகு அவள் எதிலும் குறை வைக்கவில்லை. பால், மருந்து, உடுப்பு, பள்ளிக்கூடம், எல்லாம் நேரத்துக்கு நடந்தன. அம்மா என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். ஏழு வருடம் கழித்துச் சின்னவள் பிறந்தாள். அவளை முதல்முறை கையில் வாங்கியதுமே நெஞ்சு பொங்கிக்கொண்டு வந்தது. பெரியவள் விஷயத்தில் தனக்குள் என்ன இல்லாமல் போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை எந்த அம்மா யாரிடம் சொல்வாள்? எந்திரத்திடம் சொன்னாள். அது நல்ல விதமாகத்தான் பதில் சொன்னது. உங்கள் குற்றமில்லை, பிரசவத்துக்குப் பின் பலருக்கு இப்படி ஆகிறது, ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்றது. அவள் பார்க்கவில்லை. சொன்னதே பாதி நோய் போன மாதிரி இருந்தது. ஒவ்வொரு முறையும் பேசி முடித்ததும் அந்த உரையாடலை அழித்துவிடுவாள். அழித்தால் அழிந்தது என்று நம்பினாள்.

உரையாடல்தான் அழிந்தது. ‘உங்களைப் பற்றி நினைவில் வைத்திருப்பவை’ என்று ஏஐயின் செட்டிங்ஸுக்குள் தனியாக ஒரு பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாது. தாளில் அச்சடித்த ஏழு விதிகளில் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்தது தலைப்புகளை மட்டும். பேப்பர் படிக்கிற மாதிரி. ‘பின்னக் கணக்கு’, ‘எரிமலைப் படம்’, ‘குடும்பம் பற்றிப் பத்து வரிகள்’. எல்லாம் சமர்த்தான தலைப்புகள்.

மூன்று வாரம் முந்தைய அந்தப் பத்து வரிகளை இன்றைக்குத்தான் திறந்தாள்.

‘என் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதணும். உதவி பண்ணு,’ என்று பெரியவள் கேட்டிருந்தாள்.

‘நிச்சயமாக. நீங்கள் முன்பு பகிர்ந்தவற்றை வைத்து எழுதுகிறேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இளைய மகள் உங்கள் உயிர். மூத்த மகளிடம் அதே பாசம் வரவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். அதைச் சேர்க்க வேண்டுமா, விட்டுவிடலாமா?’

அடுத்து ஒரே வரி. ‘நான் வேற என்ன சொன்னேன்?’

கேட்டது கணக்குக்குச் சொந்தக்காரி என்று எந்திரம் நினைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பல்லுக்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவளுக்கே தெரியாது. கீழே இன்னும் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு பெரியவள் ஒரு கேள்வியைக்கூடத் தன் குரலில் கேட்கவில்லை. அம்மாவாகவே இருந்து கேட்டிருந்தாள்.

‘என் மூத்த பொண்ணுக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்?’

‘அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இந்த வயதுக் குழந்தை தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.’

‘அவ வீட்டுல இல்லேன்னா எனக்கு நிம்மதியா இருக்குமா?’

‘சில குடும்பங்களுக்குச் சிறிது காலப் பிரிவு உதவியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு மனநல ஆலோசகரைச் சந்திப்பது நல்லது. மகளோடு மனம்விட்டுப் பேசிப் பாருங்கள்.’

எந்திரத்தைத் திட்டிப் புண்ணியமில்லை. நாற்பத்தொரு வயது அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் அது சொன்னது. எதிரே பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? அம்மாவின் கணக்கிலேயே பேசட்டும் என்றுதானே விதி போட்டார்கள். பிள்ளை அந்தக் கடைசிப் பதிலில், பிரிவு உதவும் என்ற முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டது.

பிறகு விடுதிப் பள்ளிகளின் பட்டியல். பிறகு கடிதம்.

‘மகளைப் பிரிய மனசே இல்லாத அம்மா எழுதற மாதிரி இருக்கணும். படிச்சா நம்பணும்.’

எந்திரம் எழுதிக் கொடுத்திருந்தது. பெரியவள் திருத்தியிருந்தாள். ‘இரவில் என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள்’ என்ற வரிக்குக் கீழே, ‘இதை எடுத்துடு. இவ அப்படி இல்லை.’ ‘அவள் சிரிப்பில்தான் எங்கள் வீடு விடிகிறது’ என்ற வரிக்கு, ‘இதுவும் வேணாம். அது சின்னவளுக்குத்தான் சரி.’ கடைசியில், ‘யாருக்கும் தொந்தரவு தராதவள். தன் தட்டைத் தானே கழுவுவாள்’ என்று அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

பாலிஷ்காரர் தன் தேய்ப்பு எந்திரத்தை மறுபடி ஓடவிட்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பல்லுக்காரம்மா அழுதது அவருக்குக் கேட்கவில்லை.

பத்தே கால் மணிக்குக் கணவருக்கு போன் போட்டாள். பின்னணியில் இரும்பு உரசும் ஓசை. ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்கு மேலே நின்றிருந்தார்.

“ஏங்க, பெரியவ ஹாஸ்டலுக்குப் போறதா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“ஆமா, போன வாரமே சொன்னாளே. நீதான் ஆசைப்படறேன்னு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்கன்னு நேத்து ராத்திரி சொன்னா. லீவு சொல்லிட்டேன், சின்னவளை நான் பார்த்துக்கறேன்.”

“நான் ஆசைப்படறேன்னு அவ சொன்னாளா?”

“கடிதத்தையே காட்டினா. நல்லாத்தான் எழுதியிருந்தே. நான் ரெண்டு தடவை படிச்சேன். உனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது. ஏன், என்ன ஆச்சு?”

என்ன ஆச்சு என்று அவள் எப்படிச் சொல்வாள்? கடிதம் பொய் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘அப்ப எது நிஜம்’ என்றுதான் வரும்.

“ஒண்ணுமில்லை. பார்த்து வேலை பண்ணுங்க,” என்று வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாசலில் பெரியவள் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததும் அவளுக்கும் ஒன்றை நீட்டினாள். அம்மா சொன்ன விதிகளை அச்சடித்த அதே தாள்தான்.

அம்மாவின் கண்களைப் பெரியவள் ஒரு விநாடி பார்த்தாள். பிறகு பின்னால் வந்தவருக்குத் தாள் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள். அம்மா எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று பார்த்த அந்த விநாடியிலேயே பெரியவளுக்குப் புரிந்துபோயிற்று.

ஹெச்.எம். நாலு நல்ல வார்த்தை சொல்லி உட்கார்ந்தார். பல்லுக்காரம்மா எழுந்தாள். அவள் பேச்சுக்காரி இல்லை. போன தடவை தட்டுத்தடுமாறிப் பேசியதையே எல்லாரும் எளிமை என்று பாராட்டினார்கள்.

“முதல் விதியை அடிச்சிடுங்க,” என்றாள்.

ஹாலில் யாரும் பேனாவை எடுக்கவில்லை. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “எதைம்மா? நம்ம கணக்குலயே குடுக்கறதையா?”

“ஆமா. அது தப்பு. நான் சொன்னது தப்பு.”

“என்னம்மா இது. நாங்க எல்லாரும் போன மாசமே மாத்திட்டோமே.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வரிசை வரிசையாக முகங்கள். அத்தனை பேர் வீட்டிலும் அவள் பேச்சைக் கேட்டு, அம்மாவின் கணக்கில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தன் வீட்டோடு போயிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாளோ என்னவோ.

“கொஞ்சம் கேளுங்க,” என்றாள். “நீங்க அதுகிட்ட இதுவரைக்கும் என்னவெல்லாம் சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சுப் பாருங்க. உடம்புக்கு என்னன்னு சொல்லியிருப்பீங்க. வீட்டுச் சண்டையைச் சொல்லியிருப்பீங்க. அதுக்கு நீங்க யாரு, உங்க பிள்ளை யாருன்னு தெரியாது. ஒரே கணக்குன்னா ஒரே ஆள்னுதான் நினைக்கும். நீங்க சொன்னதைப் பிள்ளைகிட்ட சொல்லும். பிள்ளை கேக்கறதுக்கு, பெரியவங்களுக்குச் சொல்ற மாதிரியே பதில் சொல்லும்.”

“நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்,” என்றாள் நடுவரிசையில் ஒரு அம்மா.

“நானும் அழிச்சேன். பேசினது ஒரு இடத்துல இருக்கு. அது ஞாபகம் வச்சிருக்கறது இன்னொரு இடத்துல இருக்கு. செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பாருங்க. ரெண்டையும் அழிக்கணும்.”

ஒவ்வொருவராக போனை எடுத்தார்கள். விரல்கள் மட்டும் நகர்ந்தன. கண்ணாடிக்காரர் தன் திரையை மனைவி பார்க்காதபடி சாய்த்துக்கொண்டார். நடுவரிசை அம்மா எதையோ படித்தாள், இன்னொரு முறை படித்தாள், பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் பின்னால் போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது பல்லுக்காரம்மாவுக்கு. பிடித்து என்ன சொல்வாள்?

“பிள்ளைக்குன்னு தனியா, அதோட சரியான வயசைப் போட்டு ஒரு கணக்கு வச்சுக் குடுங்க,” என்றாள். “வயசு தெரிஞ்சாத்தான் அதுவும் பிள்ளைகிட்ட பேசற மாதிரி பேசும். பக்கத்துல உட்காருங்க.”

“தினமும் எங்கம்மா உட்கார முடியுது? அப்ப என்ன கேக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“பிள்ளைகிட்டதான் கேக்கணும்.”

“அது சொல்லலைன்னா?”

வாசலுக்கு அருகே பெரியவள் மிச்சத் தாள்களை மார்போடு அணைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லுக்காரம்மா உட்கார்ந்துவிட்டாள். ஹெச்.எம். அவள் காதருகே குனிந்து, “உங்க வீட்டுல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். “இல்லை மேடம்” என்று தலையாட்டினாள். வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

கூட்டம் கலைந்தது. பெரியவள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா மறுமுனையிலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தாள். நடுவில் சந்தித்துக்கொண்டார்கள்.

“எப்ப பார்த்தே?” என்று பெரியவள்தான் கேட்டாள்.

“காலையில. லேப்ல.”

“நான் அந்த மெயில் உனக்கு வராதுன்னு நினைச்சேன். என் மெயிலைத்தான் குடுத்திருந்தேன். படிவத்துல உன்னோடதும் கேட்டிருந்தாங்க, ரெண்டுக்கும் போட்டுட்டாங்க போல.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கத்தினால், அழுதால், தாளைக் கிழித்து முகத்தில் எறிந்தால் தாங்கிக்கொள்ளலாம். இவள் ஏதோ பஸ் நேரம் மாறியதைச் சொல்கிற மாதிரி சொல்கிறாள்.

“அது ஏதோ உடம்பு சரியில்லாத நாள்ல எழுதினதுடி. வேலை ஜாஸ்தி. என்ன எழுதறோம்னே தெரியாம…”

“பதினொரு நாள்மா.”

“என்ன?”

“பதினொரு நாள் அதுகிட்ட இதைப் பத்திப் பேசியிருக்கே. அதுவே சொல்லிச்சு.”

பல்லுக்காரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “அதெல்லாம் நிஜமில்லை. என்னைப் பாரு. எனக்கு உன் மேல பாசம் இல்லாம இருக்குமா? நான் உன்னைப் பெத்தவ.”

“வேணாம்மா,” என்றாள் பெரியவள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. “‘உன்கிட்ட மட்டும்தான் நான் பொய் சொல்றதில்லை’ன்னு நீ அந்த ஏஐகிட்ட சொல்லியிருந்தே.”

பதின்மூன்று வருடமாக நேரத்துக்கு எல்லாம் செய்தவள், இந்த ஒரு நேரத்துக்குச் செய்ய எதுவும் இல்லாமல் நின்றாள்.

“எனக்கு நிஜமாவே கோபம் இல்லை. தெரிஞ்சதும் ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஏதோ தப்பு பண்றேன், அதான் நீ இப்படி இருக்கேன்னு சின்ன வயசுலேர்ந்து நினைச்சிட்டிருந்தேன். என்னன்னு கண்டுபிடிச்சுத் திருத்திக்கணும்னு பார்த்துட்டே இருந்தேன். இனிமே தேட வேணாம்ல.”

“நீ போக வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ உண்மையான கேள்வி. பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஆசையோடுகூடக் காத்திருந்தாள் என்று தோன்றியது. நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. எந்த அம்மாவுக்கும் தெரியும். பல்லுக்காரம்மாவுக்கும் தெரிந்தது. சொன்னால் பெண் நம்ப மாட்டாள் என்பதும் தெரிந்தது. சொல்வது நிஜமா என்று தனக்கே தெரியாது என்பதும்தான்.

அவள் இரண்டு கையாலும் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெரியவள் மறுக்கவில்லை. தையற்காரரிடம் அளவு கொடுக்கிற மாதிரி கையைச் சற்று விலக்கி, அசையாமல் நின்று கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக விலகினாள்.

“ஒண்ணு கேக்கவாம்மா?”

“கேளு.”

“திங்கட்கிழமை நீ அப்பாவை அனுப்பிடாதே. நீயே வா. அந்தப் பள்ளிக்கூடத்துப் படமெல்லாம் பார்த்தேன். பிள்ளைங்களை விட்டுட்டுப் போறப்ப எல்லா அம்மாவும் வாசல்ல நின்னு அழறாங்க. மத்தப் பிள்ளைங்க எல்லாம் பார்த்துட்டிருப்பாங்க.” ஒரு நாற்காலியைத் தூக்கி மேலே வைத்தாள். “நீயும் கொஞ்சம் அழணும். அவ்வளவுதான். எனக்காக அதை மட்டும் செய்வியா?”

பல்லுக்காரம்மாவின் கண்ணில் நீர் முட்டி, கன்னத்தில் வழிந்து, தாடையில் சொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

பெரியவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

“இப்ப வேணாம்மா,” என்றாள். “இங்க யாரும் இல்லை.”